கரிச்சானின் எல்லை கிணற்றோடு சரி

சுலோசனா,

போன ஆனியில் உன் அண்ணி கமலம் கத்தரிப் பாத்தியைக் கொத்திக்கொண்டே, "வாடா கருவாயா, துன்னுட்டுப் போ" என்று கரிச்சான் குருவியைக் கூப்பிட்டாள். மண்ணிலிருந்து கிளம்பிய பூச்சிகளை அது அவள் காலடியிலேயே வந்து பிடித்தது. அப்புறம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

இன்று முதல் தெவசம். நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. வாழையிலை வாங்க நகரிக்குப் போகிறேன். சாவி உறியில் இருக்கிறது. ஐயர் முன்னதாக வந்தால் மோர் கொடு; நம் சண்டையைச் சொல்லாதே.

நேற்று சொன்னாயே, "காக்கா சோத்தத் தொடலைன்னா அண்ணிக்கு மனசு ஆறலைன்னு அர்த்தம்ண்ணா. மொதல்ல அந்தக் கரிச்சானக் கல்லால அடிச்சித் தொரத்து" என்று. அது வேம்பில் குஞ்சு வைத்திருக்கிறது, காக்காயை அண்டவிடாது. கருமாதியன்றும் அதே கதைதான். தன் சிநேகிதனை அடித்தால்தான் கமலத்துக்குக் கோபம் வரும்.

நான் கவனித்துவிட்டேன். காக்காயைக் கிணறு வரைக்கும் துரத்திவிட்டுத் திரும்பிவிடுகிறது. நீ வாழ்க்கைப்பட்ட திருத்தணி மெட்ராசோடு போய், நான் ஆந்திராவிலேயே நிற்க, நீ வேறு ராஜ்யக்காரி ஆவதற்கு எத்தனை வருஷச் சண்டை, எல்லைக் கமிஷன்! கரிச்சான் கமிஷன் இல்லாமலே எல்லை போட்டுவிட்டது. அதனால் சோற்றைக் கிணற்றுக்கு அப்பால், தெருச் சுவர்மேல் வை. காக்காயும் தின்னும், இவனும் இருப்பான்.

கல்லை எடுக்காதே. எடுத்தால் உச்சந்தலையில் கொத்துவான். எனக்கு அனுபவம்.

பி.கு. இப்போது நான் மண்ணைக் கிளறினாலும் வருகிறான். ஆனால் விடிந்ததும் அடுப்படி வாசலைப் பார்த்துத்தான் உட்காருகிறான்.