சனிக்கிழமையே எழுதப்பட்ட ஞாயிற்றுக்கிழமை உறைபனி

அனுப்புநர்:
மிரன் கல்பிரெய்த் (வயது 17),
கோல்காப்பாளர், பால்கெரி பெண்கள் கால்பந்துக் கழகம்,
6, மில் தெரு, பால்கெரி, ஸ்காட்லாந்து.

பெறுநர்:
விளையாட்டுத் திடல்கள் அலுவலர் அவர்கள்,
நகர மன்ற அலுவலகம், பால்கெரி.

பொருள்: திடலைப் பார்க்காமலேயே பெண்கள் ஆட்டத்தை ரத்து செய்வதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புமிக்க அம்மையீர்,

1. ஜனவரி 11, சனிக்கிழமை பிற்பகல், நான் வேலை செய்யும் ரொட்டிக் கடையிலிருந்து ஆற்றோரத் திடலின் தேநீர்க் கொட்டகைக்கு ரோல்கள் கொண்டுபோனேன். கொட்டகைச் சுவரில் ஒரு பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் சாக்பீஸால், ‘ஞாயிறு பெண்கள் ஆட்டம் இல்லை. உறைபனி’ என்று எழுதியிருந்தது. அப்போது தூறிக்கொண்டிருந்தது. உறைபனி என்ற சொல் மட்டும் தூறலில் கரைந்து கீழே வழிந்திருந்தது. அதே திடலில் ஆண்கள் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

2. ஆட்ட நாள் காலையில் நடுவர் வந்து தரை உறைந்து இறுகியிருக்கிறதா என்று குதிகாலால் அழுத்திப் பார்த்து, பந்தைப் போட்டுப் பார்த்து, அதன்பிறகே ரத்து செய்வது வழக்கம். ஆகவே திடல் காப்பாளர் திரு. அலெக் ராட்ரே அவர்களிடம், நாளைய பனி இன்றே எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “ஞாயித்துக்கிழம காலைல யாரு வந்து தரைய மிதிச்சுப் பாத்துட்டு இருப்பா, பாப்பா? குளுருல நடுங்காம நீங்களும் வீட்டுல கிடங்க” என்றார். தேநீருக்கு நின்றிருந்தவர்களில் ஒருவர், “கோல்கீப்பர் பொண்ணா கேக்குது? பந்து வந்தாக்கூட வாயத் தொறக்காதே இது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

3. இதை அன்றே எங்கள் தலைவி லோர்னா பெட்ரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரவில் உண்மையாகவே உறைந்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்வார்கள் என்பதற்காகவே பள்ளியை விட்டவள் நான். அது காரணம்தான், நியாயம் அல்ல.

4. ஞாயிறு காலை பலகை வாயிற்கதவில் தொங்கியது. லோர்னா அதைப் பார்த்து, தொலைபேசியில் சொல்லி எதிரணியின் பேருந்தைப் பாதி வழியில் திருப்பி அனுப்பினார். கடை வேலை முடிந்து ஒன்பது மணிக்கு நான் பந்தோடு திடலுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்ததால் ஆற்றுப் பக்கச் சுவர் ஏறி உள்ளே இறங்கினேன். அது தவறு, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கோல் வாயிலும் குதிகால் அழுந்தியது. நடுவட்டத்தில் பந்து முழங்கால் உயரம் எழும்பியது. எங்கும் பனி இல்லை, தண்ணீர் தேங்கவும் இல்லை. அதன்பிறகுதான் லோர்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், டிசம்பர் 8-இலும் இதே பலகைதான் தொங்கியது என்றார்.

5. எங்கள் கழகம் தொடங்கி ஒன்பது மாதம் ஆகிறது. பேருந்து ஓட்டுபவர், மாட்டு வைத்தியர், இரண்டு பிள்ளைகளின் தாய் என்று பதினான்கு பேர் இருக்கிறோம். புதிய கழகம் சொந்தத் திடலில் மூன்று ஆட்டங்களை நடத்தத் தவறினால், அதன் இடம் காத்திருக்கும் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்பது எங்கள் போட்டித்தொடரின் விதி. இரண்டு போய்விட்டன. இங்கே எங்கள் அடுத்த ஆட்டம் ஜனவரி 26.

6. திரு. ராட்ரே கெட்டவர் அல்லர். எங்களுக்கும் கோடுகளை நேராகத்தான் போடுவார். இடுப்பு வலியோடு சனி, ஞாயிறு இரண்டு நாளும் வருவது அவருக்குக் கடினம். அவரைத் தண்டிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவுச் சாவி எங்களில் ஒருவரிடம் இருக்கட்டும். காலையில் நடுவர் வந்து எங்கள் முன்னிலையில் தரையைப் பார்க்கட்டும். உண்மையில் உறைந்திருந்தால் நாங்களே வீட்டுக்குப் போய்விடுவோம். 26-ஆம் தேதிக்கு முன் இதற்கு ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

நாள்: 13.01.2025
இடம்: பால்கெரி

உண்மையுடன்,
மிரன் கல்பிரெய்த்

பி.கு.: இந்த வரிகளை உங்கள் அலுவலகத்திலிருந்தே எழுதுகிறேன். தானே கொண்டுவந்து பேசுவதாக லோர்னா சொன்னார். பார்த்தது நான் என்பதால் நானே வந்தேன். கடிதப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம் என்று முன்மேசையில் இருப்பவர் சொன்னார். என் பெயரைச் சொல்லி, உங்களைப் பார்க்க வேண்டும் என்றேன். உங்கள் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.