சனிக்கிழமை விளக்கேற்றும் நேரம்

வேலூர், 9-8-1926

அன்புள்ள அத்தானுக்கு மரியம்மாள் எழுதுவது.

குழந்தையும் நானும் சுகம். உங்கள் இருமல் நின்றதா?

ஞானஸ்நானம் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. உங்கள் தோல் பதனிடும் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று எனக்குப் பள்ளிக்கூடம். சபை கூடும் ஞாயிறன்று உங்களால் வர முடிவதில்லை. ஓய்வுநாளையும் தோலுக்கே கொடுத்துவிட்டால் எங்களுக்கு என்ன மிச்சம்? வருகிற 29ஆம் தேதி தகப்பன் இல்லாமலே நடத்திவிடும்படி போதகரிடம் சொல்லிவிட்டேன்.

மரியம்மாள்

வாணியம்பாடி, 13-8-1926

அன்புள்ள மரியம்,

சந்தையில் வாங்கும் பச்சைத் தோல் சனி இரவு வந்து இறங்கும். ஞாயிறு விடியும்போது சுண்ணாம்புக் குழியில் இறக்காவிட்டால் அழுகிவிடும். ஈஸ்டருக்குச் சொல்லாமல் வந்தேனே, அன்று எனக்குப் பதிலாக நின்ற கூலியாள் பச்சையப்பன் சுண்ணாம்பைக் கூட்டிப் போட்டு அறுபது தோல் வெந்துபோயிற்று. உன்னிடம் மறைத்தேன். முதலாளி நிசார் அஹமது சாயபு ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனால்தான் இன்னொரு ஞாயிறு கேட்க வாய் வரவில்லை.

நீ சொன்னபடியே நடக்கட்டும். தலையில் தண்ணீர் விழும்போது அவன் அழுதானா என்று மட்டும் எழுது.

ஆசீர்வாதம்

வேலூர், 17-8-1926

அன்புள்ள அத்தான்,

என்னை மன்னியுங்கள். நேற்று வகுப்பில், 'சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று' என்று வேதத்திலுள்ள சிருஷ்டியின் கதையைச் சொன்னேன். செல்லம்மாள் என்கிற சிறுமி எழுந்து, "இன்னா டீச்சரம்மா, சாயங்காலத்த முன்னாடி சொல்லிட்டு விடியறத அப்பறமா சொல்றீங்க? தூங்கிட்டுதான் வேலையா?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனிதன் உண்டானது ஆறாம் நாள். அவன் கண்ட முதல் முழு நாள் ஓய்வுநாள். ஒரு மண்கட்டியைக்கூடப் புரட்டாதவனுக்கு அது இனாமாகக் கிடைத்தது. நானோ உங்களிடம் அதைப் பாக்கிபோலக் கேட்டுவிட்டேன்.

போதகரிடம் ஓடினேன். "அந்தக் கணக்குப்படி சனிக்கிழமை பொழுது சாய்ந்தாலே ஞாயிறுதானம்மா" என்றார். 21ஆம் தேதி விளக்கேற்றும் நேரத்தில் நடத்தச் சம்மதித்தார். மத்தியான ரயிலுக்கு வாருங்கள். இரவு ரயிலில் திரும்பினால் விடியுமுன் குழிக்குப் போய்விடலாம்.

உங்கள் மரியம்

வாணியம்பாடி, 22-8-1926

என் மரியம்,

தயங்கித் தயங்கிச் சாயபுவிடம் சனிக்கிழமை மத்தியானம் லீவு கேட்ட கதையை நேற்று உன்னிடம் சொல்ல நேரமில்லை. சாயபு சொன்னது இதுதான்: "இதுக்கா இத்தினி நாளு பேஜாரு? எங்களுக்கும் பொழுது சாஞ்சு மக்ரிப் தொழுகை ஆனா அடுத்த நாளுதான். போய்ட்டு வா மேஸ்திரி."

விடியற்காலை தோல் எல்லாம் குழியில் இறங்கிவிட்டது. ஒன்றும் கெடவில்லை. உன் தோளில் சாய்ந்து ஒரு மணி நேரம் தூங்கினேனே, வேலைக்கு முன்னால் நான் ஓய்ந்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

பையன் நன்றாக அழுதான். நீ எழுத வேண்டியதில்லை. என் காதிலேயே இருக்கிறது.

உன் ஆசீர்வாதம்