கழற்றாத சின்னம்

மாத்தளை
1.8.2025

அன்புள்ள மஹ்ரூப் நானாவுக்கு,

நலம். உங்கள் நலமும் வேண்டும். மகள் சிவதர்ஷினியின் கலியாணத்துக்குச் சொல்ல உக்குவளைக்கு வந்த உங்கள் சிநேகிதர், என் வீட்டுக்காரர், ஒன்றை மட்டும் சொல்லாமல் திரும்பிவிட்டார். அதை அவருக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன்.

சட்டையில் குத்தியிருக்கும் இராணுவச் சின்னத்தை அன்று ஒரு நாள் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். என் தம்பி குகநேசன் முள்ளிவாய்க்காலில் கஞ்சி வரிசையில் நின்றபோது இராணுவம் அடித்த ஷெல் விழுந்து செத்தவன். யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் முன்னால் அதைப் பார்க்க என்னால் ஏலாது.

சரோஜினிதேவி மகாலிங்கம்

உக்குவளை
5.8.2025

தங்கச்சி சரோஜினிதேவிக்கு,

உங்க எல்லாருக்கும் துஆ செய்றேன். கடிதம் கிடைச்சுது.

2007ல மன்னார் சண்டையில கால் போய் வீட்டுக்கு வந்தேன். பேட்ஜ் பன்னிரண்டு வருஷம் அலுமாரியில கிடந்தது. 2019ல ஈஸ்டர் அன்னைக்குச் சர்ச்சுகள்ல குண்டு வெடிச்ச பிறகு, தம்புள்ளை ரோட்டில ஆமிக்காரங்க பஸ்ஸை நிப்பாட்டி, தாடியப் பார்த்து என்னை மட்டும் இறக்கினாங்க. பொய்க்காலைக் கழட்டச் சொன்னாங்க. நானும் ஆமியில இருந்தவன்தான்னேன். சிரிச்சாங்க. மறுநாள் பேட்ஜை எடுத்துக் குத்தினேன். பள்ளிவாசல்ல கழட்டச் சொன்னாங்க. என் மகனும் சொன்னான். கழட்டல.

உங்க தம்பிக்கு நடந்தது நியாயம்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. ஆனா இதைக் கழட்டிட்டு வந்தா, அந்த ரோட்டில நின்ன மாதிரித்தான் உங்க மண்டபத்திலயும் நிப்பேன். நான் வரல. புள்ளைக்கு என் துஆ.

மஹ்ரூப்

மாத்தளை
9.8.2025

மஹ்ரூப் நானாவுக்கு,

மூன்று தரம் வாசித்துவிட்டு இவரிடமும் காட்டினேன். ரோட்டில் நடந்ததை நீங்கள் இவருக்குக்கூடச் சொல்லவில்லையாம்.

இரக்கப்பட்டு எழுதவில்லை, கோபத்தோடுதான் எழுதுகிறேன். குத்திக்கொண்டே வாருங்கள். நானும் தம்பியின் படத்தை மண்டப வாசலில் வைப்பேன். கலியாணத்தில் செத்தவன் படமா என்று ஆட்கள் கேட்பார்கள். கேட்கட்டும். பதினாறு வருடம் அறைக்குள் ஒளித்து வைத்தது போதும். அவனைத் தாண்டித்தான் நீங்கள் உள்ளே வர வேண்டும். முடிந்தால் வாருங்கள்.

சரோஜினிதேவி

உக்குவளை
2.9.2025

தங்கச்சிக்கு,

கலியாணத்தன்னைக்கு வாசல்ல உங்க சித்தப்பா என்னை மறிச்சார். "இதைக் கழட்டு, இல்லாட்டித் திரும்பிப் போ"ன்னார். நான் அசையல. "விடுங்கோ, நான்தான் வரச் சொன்னனான்"ன்னு நீங்க வந்து சொன்னீங்க. உங்க முகத்தில சிரிப்பு இல்ல.

படத்துக்கு முன்னால நின்னேன். சின்னப் பொடியன். கை தானா சல்யூட்டுக்குப் போகப் பார்த்துச்சு, அடக்கிக்கிட்டேன். வேற என்ன செய்றதுன்னு தெரியல. புள்ளைய வாழ்த்திட்டுச் சாப்பிடாம வந்துட்டேன்.

தம்பியோட திவசம் எப்போ? அதுக்கும் வருவேன். இதைக் குத்திக்கிட்டுத்தான் வருவேன். மறிக்கிறதுன்னா மறிங்க.

மஹ்ரூப்

மாத்தளை
6.9.2025

மஹ்ரூப் நானாவுக்கு,

திவசம் வைகாசியில். எந்த நாள் என்று இவர் வந்து சொல்லுவார். சித்தப்பாவும் இருப்பார், அவரோடு நான் பேசிக்கொள்கிறேன். உங்கள் மேல் இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை.

மரக்கறிச் சாப்பாடுதான். இந்த முறை இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

சரோஜினிதேவி