ஆயுத பூஜைக்கு அணைக்காத கணினி

திங்கள், காலை 6.30
ஆழம் நாற்பது மீட்டர். மின்கலம் நிறைவு. காற்றில் கரியமிலவாயு 0.4 சதவீதம். எல்லாம் ஒழுங்கு.

இதைப் படிப்பவர் யாராயினும்: நான் மாசிலாமணி, பல்கலைக்கழகத்தின் கடலடி ஆய்வு நிலையக் காப்பாளர். ஆய்வாளர்கள் பூஜை விடுமுறைக்குக் கரை ஏறிவிட்டார்கள். மூச்சு முகமூடிகளின் சிலிண்டர்களும் நிரப்புவதற்காக அவர்களோடு போயின. புயல் தாண்டினால்தான் படகு வரும்.

கணினி மையத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. இனி எந்தப் பணியாளருக்கும் தன் கணினியில் நிர்வாகி உரிமை கிடையாது. எதை நிறுவவும், எதை மாற்றவும் விண்ணப்பம் போட வேண்டுமாம். இங்கே காற்றைச் சுத்தம் செய்யும் நிரலை எழுதியவன் நான். கல்லூரி வாசல் மிதிக்காமல், கையேடு படித்துக் கற்றுக்கொண்டு எழுதினேன். என் நிரலைத் திறக்க நான் விண்ணப்பம் போட வேண்டும்.

செவ்வாய், மாலை 4.15
காற்று 0.4.

சூட்சுமம் பிடிபட்டது. புது விதி கணினியை அணைத்து எழுப்பும்போதுதான் ஏறும். அதுவரை பழைய உரிமை அப்படியே இருக்கும். ஆயுத பூஜையன்று பல்கலைக்கழகம் முழுக்கக் கணினியை அணைத்து, சந்தனம் வைத்து, பொரி படைப்பார்கள். நானும் ஆண்டுதோறும் அரைமணி நேரம் அணைப்பேன். அந்த நாளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

புதன், ஆயுத பூஜை, காலை 9.00
காற்று 0.4. சந்தனம் வைத்தேன். குங்குமம் வைத்தேன். அணைக்கவில்லை.

வியாழன், பகல் 11.40
காற்று 0.4. மூன்று நாளாக எண் அசையவில்லை. என் நிரலின் ஒழுங்கு அது. தலை மட்டும் பாரமாக இருக்கிறது. புயல் அழுத்தம்.

கணினி மையத்து ஃபிலோமினா ஒலிபெருக்கியில் வந்தாள்.

"அண்ணாச்சி, பூஜைக்கு மிஷினை அணைக்கலையா?"

"என் மிஷின். என் இஷ்டம்."

"சண்டைக்கு வரல. உங்க நிரலோட நகல் இங்க ஓடுது. ஒரு வருஷம் தாண்டினதும் உள்ளே கணக்கு நிரம்பி நம்பர் உறைஞ்சு போவுது. விசிறியும் குறைஞ்சிருது. நீங்க வருஷா வருஷம் அணைச்சதாலதான் இம்புட்டு நாளும் தெரியல. நிரலை மட்டும் நிறுத்தி எழுப்பினா பத்தாது. இப்ப மிஷினையே அணைச்சுப் போடுங்க, சரியாயிரும்."

"அணைச்சா உரிமை போயிரும். அதுக்குத்தான இந்தக் கதை?"

"உரிமை பெருசா, மூச்சு பெருசா அண்ணாச்சி? ஏணியில நாலு படி ஏறிப் பாருங்க."

ஏறினேன். மூச்சு வாங்கியது. அறுபத்தேழு வயதில் யாருக்கும் வாங்கும்.

வியாழன், பகல் 2.20
ஃபிலோமினா மறுபடி. "நீங்க அணைக்கலைன்னா நான் இங்கிருந்தே அணைச்சு எழுப்புவேன். அதிகாரியிட்ட கையெழுத்து வாங்கியாச்சு."

கையெழுத்து வாங்கட்டும். உரிமை இன்னும் என்னிடம். கரையிலிருந்து யாரும் அணைக்க முடியாதபடி பூட்டினேன். இனி அணைக்க வேண்டுமென்றாலும், மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு எழுப்ப வேண்டுமென்றாலும் கடவுச்சொல் கேட்கும். புதுச் சொல், நீளமான சொல். எங்கும் எழுதிவைக்கவில்லை. கடவுச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதி கீபோர்டுக்கு அடியில் ஒட்டும் பேராசிரியர்களை எனக்குத் தெரியும். நான் அந்த ரகம் அல்ல.

வியாழன், மாலை 5
காற்று 0.4. அசையாத எண். உட்கார்ந்தே இருக்கிறேன். விரல் தப்பான எழுத்தில் விழுகிறது. மதியம் சாப்பிட்டேனா என்று நினைவில்லை. தட்டு ஈரமாக இருக்கிறது. சாப்பிட்டிருக்கிறேன்.

"அண்ணாச்சி, பேசுங்க. பூட்டிட்டீங்களே. ஏன் இப்படிப் பண்ணுதீங்க?"

"இருபது வருஷம் என்னை நம்புனீங்க. இப்ப என்ன வந்துச்சு?"

"உங்களை நம்பாம இல்ல. எல்லாருக்கும் எடுத்தோம். எனக்கும் எடுத்தாச்சு. நானும் விண்ணப்பம்தான் போடுதேன்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன்.

வியாழன்
மின்விசிறிக் குழாயில் கை வைத்துப் பார்த்தேன். காற்று வரவில்லை. திரையில் 0.4. சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்கிறது.

என் நிரல்தான். என் கணக்குதான் நிரம்பியிருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. அணைக்கப் போகிறேன். விதிக்குப் பணிந்து அல்ல. விதி தவறு. மூச்சுக்காக அணைக்கிறேன்.

வியா
கடவுச்சொல் கேட்கிறது.

அடித்தேன். தவறு என்கிறது. முதலெழுத்து தெரியும். பிறகு ஊர்ப் பெயர். இல்லை. மனைவி பெயர் போட்டேன். தவறு. பிறந்த வருஷம் போட்டேன். யாருடையது.

"அண்ணாச்சி, சொல்லை எங்கிட்ட சொல்லுங்க. நான் அடிக்கேன். அண்ணாச்சி. சும்மா வாயில வாரதைச் சொல்லுங்க."

சொல்கிறேன் சொல்கிறேன். இப்போதுதான் வைத்தேன். நீளமான சொல்.

ஃபிலோமினா அழுகிறாள் போல. கடல் சத்தமாகவும் இருக்கலாம்

கீபோர்டைத் திருப்பிப் பார்த்தேன்

சுத்தமாக இருக்கிறது