குசினிக்குக் கல் எடுத்தது

அன்பு மகள் ரொஷேல்,

சமையல் மேடைக்கெண்டு நீ மெல்பனில இருந்து படம் அனுப்பின வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லை நாங்க எடுக்கேல்ல. கோவிக்காத. போனில சொல்லலாம்தான், ஆனா நான் கதைக்கேக்க மம்மி பக்கத்திலேயே இருப்பா. அதால எழுதுறன்.

சனிக்கிழமை ரெண்டு பேரும் பேலியகொடைக் கல்லுக்கடைக்குப் போனம். குவார்ட்ஸ் வடிவுதான், மஞ்சள் கறையும் பிடிக்காதாம். ஆனா சூடான சட்டியை இறக்கிவைக்கிற ஒவ்வொரு தரமும் கீழ ஏதாவது போட ஞாபகம் வேணுமாம். கடைக்காரர் அப்பிடிச் சொன்னவுடன நான் கிரனைட் பக்கம் போயிட்டன். அதை சூடு ஒண்டும் செய்யாது. கறை உள்ள இறங்காமலிருக்க வருசத்துக்கு ஒருக்கா சீலர் பூச வேணும், அதை நான் பாத்துக்கொள்ளுவன். கறுப்புக் கல்லில கறுப்புச் சட்டி கண்ணுக்குத் தெரியாதெண்டு இளஞ்சாம்பல் எடுத்தன்.

மம்மி கையால தடவிப் பாத்தா.

"நல்ல கல். ஆர்ட வீட்டுக்கு?"

"எங்கட கொட்டாஞ்சேனை வீட்டுக்குத்தான் மேபல்."

"அப்ப ரொஷேல் ஸ்கூலால வந்ததும் கூட்டிவந்து காட்டுவம்" எண்டா. நான் ஓம் எண்டு சொன்னன்.

வியாழக்கிழமை மேசன் பாஸ் வந்து கல்லைப் பொருத்துவார். மேல் அலுமாரிக்குக் கதவு வேண்டாமெண்டிட்டன். கோப்பைகள் இருக்கிற இடம் பாத்தவுடன தெரியட்டும்.

வேற விசேஷம் ஒண்டுமில்ல. மம்மி நல்லாச் சாப்பிடுறா, பூசைக்கும் வாறா. டிசம்பரில நத்தாருக்கு வரேக்க மட்டும், ஓடிவந்து கட்டிப்பிடிக்காத. வாசல்ல நிண்டு முதல்ல உன்ட பேரைச் சொல்லு மகள்.

அன்போட,
டடி