முதலாளியைக் குளிக்க அனுப்பியது

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மகன் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா?

கோழிப்பண்ணையில் என்னை இப்போது வாசலில் போட்டிருக்கிறார்கள். யார் வந்தாலும் குளித்து, பண்ணை உடுப்புக்கு மாறி, பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கிய பிறகே உள்ளே விடவேண்டும். இல்லாவிட்டால் கோழிகளுக்கு நோய் தொற்றிவிடும். நேற்று முதலாளி கோழிச் சந்தையிலிருந்து நேராக வந்து விறுவிறுவென்று நுழையப் பார்த்தார். நான் குறுக்கே நின்றேன்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"எனக்குத் தெரியுதுங்க. கோழிக்குத் தெரியாதே."

அவர் முறைத்த முறைப்பில் வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் குளிக்கப் போனார். இருந்த ஒரே உடுப்பு அவருக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. அதோடுதான் பண்ணை முழுக்கச் சுற்றினார்.

கிளம்பும்போது சொன்னார்: "வாசல்ல நீயே இருப்பா. நாளைக்கு என் வீட்டுக்காரி வர்றா. அவளையும் இப்படி நிறுத்து, பாக்கலாம்."

அந்த அம்மா வருவது இன்றைக்கு. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உள்ளே போகும்போதெல்லாம் நானும் குளிக்கவேண்டும்; நாளுக்கு நாலு குளியலில் என் துண்டு நைந்துவிட்டது. நீங்கள் துடைத்துக்கொள்ளும் துண்டு ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசம் போய்விடும். பண்ணைக்குள் கொண்டுபோக மாட்டேன், அறையிலேயே வைத்துக்கொள்கிறேன். பண்ணைக்கு எங்களை ஏற்றிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்