நீலம் ஓடிய கத்தி

செவ்வாய், இரவு.

மரம் செதுக்கும் கத்தி செய்ய எஸ்டேட் பட்டறையிலிருந்து ஒரு பழைய அரம் கொண்டுவந்திருந்தேன். லாரி ஸ்பிரிங் பட்டையைவிட அரத்து இரும்புதான் கூர் தாங்கும். தேய்த்து, பழுக்கக் காய்ச்சி, பாமாயிலில் முக்கியாயிற்று. கடைசிச் சூடு மட்டும் சமையலறை அடுப்பில். கத்தியின் வாயில் வைக்கோல் நிறம் வந்ததும் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். நிறம் அதைத் தாண்டினால் இரும்பு இளகி, கூர் நிற்காது.

மகளைச் சிங்கப்பூர் வேலைக்கு அனுப்ப நான் சம்மதித்ததிலிருந்து அவள் அம்மா என்னோடு பேசவில்லை. இன்று சோற்றுப் பானையோடு, அடுப்பு காலியாகட்டும் என்று பக்கத்தில் நின்றாள். வைக்கோல் மஞ்சள் கத்தியின் வாய்வரை வந்துவிட்டது. வாளிப் பக்கம் திரும்பினேன்.

"இருங்க," என்றாள். "பின்னால ஊதா வருது."

"தண்ணில போடணும்லா."

"கொஞ்சம் இருங்க."

இருந்தேன். மஞ்சள் பழுப்பாகி, ஊதாவாகி, மயில் கழுத்து நீலமாக ஓடியது. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"அவளுக்குப் புடிச்ச கலரு," என்றாள்.

கத்தி இப்போது மேசைமேல் கிடக்கிறது. விளக்கில் சாய்த்தால் நீலம் நகர்கிறது. மரத்தில் இரண்டு இழுப்புக்குத் தாங்காது. மறுபடி பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் சரியாகிவிடும். நீலம் போய்விடும்.

நாளைக்கு வேறு அரம் தேட வேண்டும்.